பைபாஸுக்கு காத்திருக்கீங்களா? மூச்சுப் பயிற்சியும் ஃபிஸியோவும் எந்த வரிசையில செய்யணும்: முழுமையான வழிகாட்டி

எனக்கு பைபாஸ் கோலாலம்பூர்ல நடந்துச்சு. அதுக்கு முன்னாடி மூணு பந்து டப்பா ஒண்ண (மூச்ச உள்ள இழுத்தா பந்து மேல ஏறுற பயிற்சிக் கருவி) கையில குடுத்து வீட்ல போய் செய்ங்கன்னு அனுப்புனாங்க, நானும் தெனம் பந்த மேல தூக்கி பேரப்புள்ளைங்களுக்கு வேடிக்கை காட்டிட்டு இருந்தேன். இருமக் கத்துக்கல. கட்டில்ல இருந்து எந்திரிக்கக் கத்துக்கல. ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள் சளி உள்ளயே தங்கி இடது நுரையீரல் அடிப்பாகம் சுருங்கிப் போச்சு, நாலு நாள் கூடுதலா வார்டுல கெடந்தேன். பந்து தூக்குறதுல நான் சாம்பியன், என்ன புண்ணியம்.

அதுக்கப்புறம் இங்க சுங்கை சிப்புட்ல ஆபரேஷன் தேதி கெடச்சவங்க ஒவ்வொருத்தரா என் வீட்டு கார் போர்ச்சுல வந்து உக்காந்து கேக்க ஆரம்பிச்சாங்க, தோட்டத்து ஆளுங்க, லோரி ஓட்டுறவங்க, ஒரு டீச்சரம்மா. எல்லாரும் அதே நாலஞ்சு எடத்துலதான் தடுக்குறாங்க. அதனாலதான் வரிசையா எழுதுறேன். நான் டாக்டர் கிடையாது, உங்க ஃபிஸியோ வேற மாதிரி சொன்னா அவங்க சொல்றதுதான் கணக்கு.

1. மொத வேலை: டாக்டர்ட்ட ஒரே ஒரு கேள்வி

"நான் நடக்கலாமா, இல்ல உக்காந்து செய்ற மூச்சுப் பயிற்சி மட்டுமா?" இத கேக்காம எதையும் தொடங்காதீங்க.

ஏன்னா எல்லா இருதய ஆபரேஷனும் ஒண்ணு இல்ல. இருதயத்துக்கு ரத்தம் குடுக்குற இடது பக்க மெயின் குழாய்லயே அடைப்பு, பெருந்தமனி வால்வு ரொம்ப சுருங்கிப் போயிருக்கு, சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சு வலிக்குது, இப்படிப்பட்டவங்களுக்கு வேகமா நடக்குறதும் முக்குறதும் ஆபத்து. அவங்களுக்கு பெரும்பாலும் மெதுவா மூச்சு விடுறது, கால் அசைக்குறது, எந்திரிக்கிற முறைய கத்துக்கிறது, இதோட நிறுத்திக்கச் சொல்வாங்க. பக்கத்து வீட்டுக்காரர் பைபாஸுக்கு முன்னாடி தெனம் ரெண்டு மைல் நடந்தாருன்னா அது அவர் இருதயம், உங்களுது இல்ல.

நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையோ ஸ்ப்ரேயோ குடுத்திருந்தா அது சட்டப் பையில இருக்கணும், அலமாரியில இல்ல. பயிற்சி நடுவுல நெஞ்சு வலிச்சா உடனே நிறுத்தி, உக்காந்து, டாக்டர் சொன்னபடி போடுங்க. அஞ்சு நிமிஷத்துல அடங்கலன்னா ஆம்புலன்ஸுக்கு 999 அடிங்க. மகன் வேலை முடிஞ்சு வரட்டும்னு காத்திருக்காதீங்க.

2. தேவைப்படுற சாமான்

கெட்டியான நாற்காலி ஒண்ணு, சாப்பாட்டு மேசை நாற்காலி போதும், சோபா வேணாம். சோபாவுல உக்காந்தா வயிறு மடங்கி நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற உதரவிதானம் கீழ எறங்க எடமே இருக்காது, மூச்சு பாதியோட நின்னுடும்.

சின்ன தலையணை, இல்லன்னா ஒரு துவாலைய கெட்டியா சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்குங்க. முகம் பாக்குற கண்ணாடி. ஒரு கைலி. ஸ்கூல் நோட்டு ஒண்ணு, பேனா. அப்புறம் ஆஸ்பத்திரியில குடுத்த பந்து டப்பா. குடுக்கலன்னா ஃபிஸியோ கிளினிக்ல கேளுங்க, மருந்துக் கடையிலயும் விக்கிறாங்க. ஆனா ஒருத்தர் வாயில வெச்சத இன்னொருத்தர் வாங்காதீங்க. எங்க பக்கம் ஒரே டப்பா மூணு வீடு சுத்தி வந்தத நானே பாத்திருக்கேன், நெஞ்ச தொறக்கப் போற நேரத்துல அடுத்தவங்க சளிக் கிருமி நமக்கு எதுக்கு.

3. சிகரெட்ட இன்னைக்கே நிறுத்துங்க, பயிற்சிக்கு முன்னாடி

இத ஏன் மூணாவதா வெச்சேன்னா, புகை போயிட்டே இருந்தா கீழ சொல்ற எதுவும் பாதிதான் வேலை செய்யும். ஆபரேஷனுக்கு குறைஞ்சது நாலு வாரம் முன்னாடி, எட்டு வாரம் கெடச்சா இன்னும் நல்லது. தேதி அடுத்த வாரமேன்னாலும் நிறுத்துங்க, நிறுத்துன நாள்லயே ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு எறங்க ஆரம்பிச்சுடும்.

இங்கதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. நிறுத்துன மொத ரெண்டு மூணு வாரம் இருமலும் சளியும் கூடும். "பாத்தியா, ஊதும்போது நல்லாத்தான் இருந்தேன்"னு மறுபடி பத்த வெச்சுடுவாங்க. மூச்சுக் குழாய் உள்ள சளிய மேல தள்ளுற சின்னச் சின்ன ரோமம் மாதிரி இருக்கும், புகை அத மயங்க வெச்சிருந்துச்சு, இப்ப அது முழிச்சு வீட்ட கூட்டுது, குப்பை வாசலுக்கு வருது, அவ்வளவுதான்.

வேப்பும் (எலக்ட்ரானிக் சிகரெட்) சேத்திதான். சுருட்டும் சேத்திதான். கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) சிகரெட் நிறுத்துறதுக்குன்னே உதவி இருக்கு, போய் கேளுங்க. கொசுவத்தி படுக்கிற ரூம்ல வேணாம், வீட்டுக்குப் பின்னாடி குப்பை எரிக்கிறதையும் வேற யாராவது பாத்துக்கட்டும். ஜெரெபு (புகைமூட்டம்) நாள்ல வெளிய நடக்காதீங்க, வீட்டுக்குள்ளயே செய்ங்க.

வால்வு ஆபரேஷன்னா பல்லையும் இப்பவே காட்டிடுங்க. சொத்தைப் பல் கிருமி ரத்தத்துல எறங்கி புது வால்வுல போய் ஒட்டிக்கலாம், அதனால பல் டாக்டர் சரின்னு எழுதிக் குடுக்காம பல ஆஸ்பத்திரியில தேதியே குடுக்க மாட்டாங்க. கடைசி வாரத்துல பல் புடுங்க ஓடுறவங்க ரொம்ப பேர்.

4. வயிறால மூச்சு

சாப்ட்டு ரெண்டு மணி நேரம் ஆகட்டும், நெறஞ்ச வயிறு உதரவிதானத்த மேல தள்ளிட்டே இருக்கும். அதனால காலைல பசியாறுறதுக்கு முன்னாடி செஞ்சா சுலபம். சக்கரை மருந்து போடுறவங்க மட்டும் கொஞ்சம் ஏதாவது வயித்துல போட்டுக்கிட்டு செய்ங்க.

நாற்காலியில நிமிந்து உக்காருங்க, பாதம் ரெண்டும் தரையில. ஒரு கை நெஞ்சுல, ஒரு கை வயித்துல. மூக்கால மெதுவா இழுங்க, வயித்துக் கை முன்னாடி வரணும், நெஞ்சுக் கை அப்படியே இருக்கணும். வாயால, சூடான தேத்தண்ணிய ஊதுற மாதிரி, இழுத்த நேரத்த விட கொஞ்சம் நீட்டி விடுங்க. அஞ்சாறு தடவ.

தப்பு எங்க வரும்னா, தோள். "நல்லா இழுங்க"ன்னு சொன்னா நூத்துக்கு தொண்ணூறு பேர் தோள காது வரைக்கும் தூக்குவாங்க. தோள் தூக்குனா நுரையீரல் மேல்பாகம்தான் நெறையுது, நமக்கு வேண்டியது அடிப்பாகம். கண்ணாடி முன்னாடி உக்காந்து பாருங்க, உங்களுக்கே தெரியும். அப்படியும் வரலன்னா முதுகுக்கு ரெண்டு தலையணை குடுத்து சாஞ்சு, வயித்து மேல ஒரு மைலோ பாக்கெட்ட வெச்சு அத மேல தூக்கப் பாருங்க. ரப்பர் மரத்துல பால் வெட்டப் போய்ட்டிருந்த ஒரு அக்காவுக்கு நான் எவ்வளவு சொல்லியும் புரியல, மைலோ பாக்கெட் வெச்ச ரெண்டாவது நிமிஷம் புரிஞ்சுச்சு.

தலை சுத்துனா, விரல் நுனி மதமதன்னு இருந்தா நீங்க வேகமா செய்றீங்கன்னு அர்த்தம். நிறுத்திட்டு சாதாரணமா மூச்சு விடுங்க, சரியாயிடும்.

5. ஆழமா இழுத்து, மூணு எண்ணி, விடுங்க

வயிறு மூச்சு பழகுன பெறகுதான் இது, மொத வாரம் இத தொடாதீங்க. கைலிய மடிச்சு நெஞ்செலும்புக் கூட்டோட அடிப்பாகத்த சுத்தி போட்டு முனைய ரெண்டு கையால முன்னாடி புடிங்க. மெதுவா மூக்கால இழுக்கும்போது வெலா ரெண்டு பக்கமும் கைலிய தள்ளணும். முழுசா இழுத்ததும் ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுங்க. அப்புறம் விடுங்க.

எண்ணுறது எதுக்குன்னா, மூடிப் போன காத்துப் பைக்கு காத்து நேர் வழியில போகாது, பக்கத்துப் பையில இருந்து சின்ன சின்ன வழியா நொழையும், அதுக்கு நேரம் வேணும். படக்குன்னு இழுத்து படக்குன்னு விட்டா தொறந்திருக்குற பை மட்டும்தான் நெறையும். ஆபரேஷன்ல ரொம்ப நேரம் மல்லாந்து கெடப்போம், வலியில மேல் மூச்சுதான் விடுவோம், அடிப்பாகம், அதுவும் இடது பக்கம், சுருங்குறது ரொம்ப சகஜம்.

மூணு நாலு தடவைக்கு மேல தொடர்ந்து வேணாம். நடுவுல வயிறு மூச்சுக்கு வந்துடுங்க. மூச்ச அடக்கிட்டு முக்குறது வேற, இது வேற. தொண்டைய இறுக்கி முகம் செவந்து போச்சுன்னா நீங்க முக்குறீங்க.

6. மூணு பந்து டப்பா

இழுக்கணும். ஊதக் கூடாது. இத எத்தன தடவ சொன்னாலும் பத்தல. ஒரு பெரியவர் பத்து நாளா ஊதிட்டு இருந்துட்டு, "பந்து அசையவே இல்ல தம்பி, ஆஸ்பத்திரியில ஓட்டை சாமான் குடுத்துட்டாங்க"ன்னு டப்பாவ என் மேசையில தூக்கிப் போட்டாரு. சின்னப் புள்ளைக்கு ஸ்ட்ரா போட்டு தண்ணி குடிக்கச் சொல்ற மாதிரி உறிஞ்சுங்க மாமான்னேன், மொத பந்து டக்குன்னு ஏறுச்சு, மனுஷனுக்கு வந்த சிரிப்ப பாக்கணுமே.

நிமிந்து உக்காந்து டப்பாவ நேரா கண்ணுக்கு நேர் புடிங்க, சாய்ச்சுப் புடிச்சா பந்து சும்மாவே ஏறும், அது உங்க கெட்டிக்காரத்தனம் இல்ல. மொதல்ல காத்த மெதுவா வெளிய விடுங்க, அப்புறம் குழாய உதட்டால இறுக்கிப் புடிச்சு உறிஞ்சுங்க. மூக்கால காத்து வந்துச்சுன்னா மூக்க புடிச்சுக்குங்க.

பல டப்பாவுல 600, 900, 1200னு போட்டிருக்கும். அது வினாடிக்கு எத்தன மில்லி காத்து இழுக்குறீங்கங்குற கணக்கு, அதாவது வேகம். எல்லாரும் மூணு பந்தையும் ஒரே இழுப்புல கூரைக்கு அனுப்பப் பாக்குறாங்க. மூணு பந்து ஒரு நொடி ஏறி விழுறத விட ஒரு பந்து மூணு நொடி மேலயே நிக்கிறது நல்லது, நுரையீரல் நெறையிறது நீண்டு இழுக்குறதுல, வேகத்துல இல்ல. ஒரு பந்து நிக்க பழகுனதும் ரெண்டாவது.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வேளைக்கு பத்து, அஞ்சு செஞ்சு ஓய்வு எடுத்து மிச்சம் அஞ்சு, ஒரு நாளைக்கு மூணு நாலு வேளை. ஆபரேஷனுக்குப் பெறகு முழிச்சிருக்குற ஒவ்வொரு மணி நேரமும் பத்துன்னு சொல்வாங்க. நோட்டுல எழுதி வைங்க, எந்தப் பந்து, எத்தன நொடி. அப்புறம் வார்டுல "முன்னாடி எவ்வளவு செஞ்சீங்க"ன்னு கேக்கும்போது அந்த நோட்டுதான் பேசும். வாய் வைக்கிற குழாய தெனம் சோப்பு போட்டு கழுவி காய வைங்க.

ஸ்ப்ரிங் வெச்சு இழுக்க கஷ்டமா இருக்குற இன்னொரு கருவியும் இருக்கு, மூச்சு இழுக்குற தசைக்கு எடை தூக்குற மாதிரி. நெதர்லாந்துல பைபாஸுக்கு காத்திருந்தவங்கள்ல நுரையீரல் சிக்கல் வர வாய்ப்பு கூட இருக்குறவங்கள எடுத்து, குறைஞ்சது ரெண்டு வாரம், தெனம் 20 நிமிஷம் இந்த மாதிரி பயிற்சி குடுத்துப் பாத்தாங்க. 2006ல வந்த முடிவு, பயிற்சி செஞ்சவங்கள்ல 18 சதவீதம் பேருக்கு ஆபரேஷனுக்குப் பெறகு நுரையீரல் சிக்கல், வழக்கமான கவனிப்பு மட்டும் கெடச்சவங்கள்ல 35 சதவீதம். ஆனா எவ்வளவு கஷ்டத்துல வைக்கணும்னு ஃபிஸியோ அளந்துதான் சொல்லணும், நீங்களா வாங்கி முறுக்காதீங்க.

7. "ஹா", அப்புறம் தலையணையோட இருமல்

நான் கோட்டை விட்டது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

கண்ணாடிய துடைக்க அது மேல ஊதுவோம்ல, வாயத் தொறந்து "ஹா"ன்னு, அதேதான். நடுத்தரமா மூச்சு இழுத்து, வயித்த உள்ள அமுக்கி, நீட்டி ஒரு ஹா. கண்ணாடி மங்கணும். ரெண்டாவது, முழுசா இழுத்து சுருக்கா ஒரு ஹா. மொதல்லது அடியில இருக்குற சளிய நகத்தும், ரெண்டாவது தொண்டைகிட்ட வந்தத வெளிய தள்ளும். தொண்டைய இறுக்கி "க்ஹே க்ஹே"ன்னு கனைச்சா தொண்டைதான் புண்ணாகும், சளி எடத்த விட்டு நகராது.

சளி மேல வந்த பெறகுதான் இருமல். தலையணைய நடு நெஞ்செலும்பு மேல வெச்சு ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சு, லேசா முன்னாடி குனிஞ்சு, ரெண்டே இருமல். வயித்து மேல புடிக்கிறவங்க இருக்காங்க, அது வேற ஆபரேஷனுக்கு. நெஞ்செலும்ப நடுவுல அறுத்து கம்பி போட்டுத்தான் சேத்திருப்பாங்க, இருமும்போது ரெண்டு பாதியும் அசையுற மாதிரி இருக்கும், அந்தப் பயத்துலயே ஆள் இரும மாட்டான், இருமாம இருந்தா சளி, சளியில காய்ச்சல். தலையணை அழுத்தம் குடுத்தா வலியும் பயமும் பாதியாகும்.

இப்ப எதுக்கு பழகணும்னா, மயக்கம் தெளிஞ்ச மனுஷனுக்கு புதுசா எதுவும் மண்டையில ஏறாது. என் சம்சாரம் பக்கத்துல நின்னு செஞ்சு காட்டுனா, எனக்கு அவ ஏதோ கூத்து ஆடுறான்னு தோணுச்சு.

ஒரு வேளைக்கு ரெண்டு மூணு ஹா போதும். தொடர்ந்து செஞ்சா மூச்சுக் குழாய் இறுகும், முக்கியமா ஆஸ்மா இருக்குறவங்களுக்கு.

8. கைய ஊணாம எந்திரிங்க

ஆபரேஷனுக்குப் பெறகு எலும்பு ஒட்ட ஆறுலருந்து எட்டு வாரம், நல்லா கெட்டியாக மூணு மாசம் வரைக்கும் ஆகலாம். அதுவரைக்கும் கைய ஊணி எந்திரிக்கிறது, இழுக்குறது, தள்ளுறது எல்லாம் குறைக்கச் சொல்வாங்க. நாமளோ அறுபது வருஷமா கைய ஊணித்தான் எந்திரிச்சிருக்கோம்.

நாற்காலியில இருந்து: முனைக்கு நகந்து வாங்க, பாதத்த முட்டிக்கு கொஞ்சம் பின்னாடி இழுங்க, தலையணைய நெஞ்சோட கட்டிக்கிட்டு மூக்கு முட்டிய தாண்டுற வரைக்கும் குனிங்க, எந்திரிங்க. டாக்டர் நடக்கலாம்னு சொன்னவங்க ஒரு வேளைக்கு அஞ்சு தடவ செய்ங்க, தொடைக்கும் பலம் வரும்.

கட்டில்ல இருந்து: முட்டிய மடிங்க, தோளும் இடுப்பும் ஒண்ணா, மரக்கட்டை உருளுற மாதிரி ஒரு பக்கமா உருளுங்க, கால கட்டிலுக்கு வெளிய விடுங்க, கால் எறங்குற கனத்துலயே உடம்பு மேல வரும்.

நம்ம வீடுங்கள்ல ரெண்டு விஷயம் யாரும் யோசிக்கிறதில்ல. பாயில படுக்குறவங்களால கை ஊணாம தரையில இருந்து எந்திரிக்கவே முடியாது, கட்டில் ஒண்ணு இப்பவே ஏற்பாடு பண்ணுங்க. பழைய லயத்து வீட்ல குந்துற கக்கூஸ், அதுக்கு மேல வைக்கிற நாற்காலி ஒண்ணு வாங்கிப் போடுங்க. நீங்க வார்டுல இருக்கும்போது வீட்டாளுங்க அலைய வேணாம்.

9. நடை

டாக்டர் சரின்னு சொன்னவங்களுக்கு மட்டும். சமதரையில அஞ்சு நிமிஷம், காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ஒரு நிமிஷம் கூட்டுங்க. நடந்துகிட்டே பேச முடியணும். பேச்சு துண்டு துண்டா வந்தா வேகம் கூட.

வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க, செம்பனை லோரி போற ரோட்ட விட்டுட்டு கோயில் திடல்ல சுத்துங்க. சக்கரை இருந்தா மிட்டாய் பையில இருக்கட்டும். நெஞ்சு இறுக்கம், தலைசுத்தல், படபடப்பு, தாடையிலயோ கையிலயோ வலின்னா அங்கயே நின்னுடுங்க, "வீடு வரைக்கும் போயிடலாம்"ங்குறது வேணாம்.

கேஸ் தோங் (சிலிண்டர்) உள்ள 14 கிலோ கேஸ், அதுக்கு மேல இரும்பு. தூக்காதீங்க. கக்கூஸ்ல முக்காதீங்க, மலச்சிக்கல்னா மருந்து கேளுங்க.

உக்காந்திருக்கும்போது பாதத்த மேல கீழ இருபது தடவ அசைங்க, ரத்தம் கால்ல தேங்காது. பைபாஸுக்கு கால்ல இருந்து ரத்தக் குழாய் எடுத்தா அந்தக் கால் வீங்கும், இந்தப் பழக்கம் அப்ப கை குடுக்கும்.

10. வார்டுல கேக்கப் போற வார்த்தை

நம்ம பெரியவங்களுக்கு மலாய் தெரியும், ஆனா மயக்கத்துல தெரியாது. வீட்ல பயிற்சி குடுக்கும்போதே மலாய்லயே சொல்லிப் பழக்குங்க. தாரிக் நாஃபாஸ்னா இழு. தாஹான்னா அடக்கி வை. ஹெம்புஸ்னா விடு. பாத்துக்னா இருமு. காஹாக்னா சளி. எங்க வீட்டுப் பேரன் மிஸ்ஸி (நர்ஸ்) மாதிரி "பாக்சேக், தாரிக் நாஃபாஸ் தாலாம்-தாலாம்"னு (மாமா, ஆழமா மூச்சு இழுங்க) ஒரு மாமாவுக்கு ஒரு வாரம் கத்திக் கத்தி சொல்லிக் குடுத்தான், ஐசியூவுல அவர் கண்ண மூடிக்கிட்டே செஞ்சாராம்.

முழிக்கும்போது தொண்டையில குழாய் இருக்கும், பேச முடியாது, நெஞ்சுல இருந்து ரத்தம் வடியிற குழாயும் இருக்கும். இது தெரியாம முழிச்சா ஆள் பதறி குழாய புடுங்கப் பாப்பாங்க, அதனால முன்னாடியே சொல்லி வைங்க. தொண்டைக் குழாய எடுத்து டாக்டரோ ஃபிஸியோவோ சரின்னு சொன்னதும் நாலாவது படியில இருந்து தொடங்கணும். வலி மருந்து குடுத்து அது வேலை செய்ற நேரத்துல பயிற்சி செஞ்சா ஆழமா இழுக்க வரும், வீரமா வலியத் தாங்கிட்டு மேல் மூச்சு விட்டுட்டு கெடக்காதீங்க, மிஸ்ஸிட்ட கேளுங்க.

கடைசி வாரத்துல சளி, காய்ச்சல், மஞ்சளாவோ பச்சையாவோ சளி வந்தா ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிச் சொல்லுங்க. மறைச்சுட்டு பஸ் ஏறுனா அங்க போய் திருப்பி அனுப்புவாங்க. கல்யாண வீடு, கருமாதி வீடு எதுக்கும் போகாதீங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

பையில பந்து டப்பா, நோட்டு, தலையணை மூணும் போகணும். தலையணை உறை மேல மார்க்கர் பேனாவால பேர் எழுதுங்க, என்னுது துணி மாத்தும்போது ஆஸ்பத்திரி தலையணையோட சேந்து போயிடுச்சு, அப்புறம் சம்சாரத்தோட சால்வைய சுருட்டி வெச்சுத்தான் இருமுனேன்.